மூன்றாம் ஓலையும் அக்கராபீம் மேடும்

அக்கராபீம் மேடு ஒரு சனிக்கிழமை விடிகிற நேரத்தில் கானான்குடியிருப்புக்கு வந்து சேர்ந்தபோது அந்த ஊரில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. சந்தோஷப்பட்டார்கள், அது வேறு; கோயில் மணியைக் கயிறு அறுந்துபோகும்வரை இழுத்தார்கள், பல் விளக்காத வாயோடு பாட்டுப் பாடினார்கள், பாறையைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள், ரயிலைத் தவறவிட்டு அடுத்த வண்டியில் வந்த சம்பந்தி வீட்டாரிடம் கேட்பதுபோல "ஏன் இம்புட்டு நேரம்?" என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டார்கள். ஆனால் ஆச்சரியம் என்பது எதிர்பாராதவர்களுக்கு உரியது, கானான்குடியிருப்பாரோ அந்த மலையை ஐந்து தலைமுறையாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

தேரிக்காட்டின் செம்மணலில் அந்த ஊரை உண்டாக்கியவர் மனாசே உபதேசியார். வேதப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த வாக்குத்தத்த நாட்டின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, பனைநார்க் கயிறும் முளைக்கம்புமாக அவர் ஊரை அளந்தார். வடக்கே இருந்த குளத்துக்குக் கலிலேயாக் கடல் என்று பேர் வைத்தார், மழைக்கு மட்டும் ஓடுகிற ஓடைக்கு யோர்தான் என்று பேர் வைத்தார், உவர் பிடித்துக் கிடந்த ஒரு குட்டையைப் பார்த்ததும் உப்புக் கடலைத் தேடுகிற வேலை மிச்சம் என்று மகிழ்ந்தார், தெருக்களைக் கோத்திரங்களுக்குப் பங்கு போட்டார். தெற்கு எல்லைக்கு வந்தபோதுதான் கை நின்றுவிட்டது. அங்கே அக்கராபீம் என்கிற மலைக்கணவாய் இருக்க வேண்டும், தேள்கள் ஊர்கிற செங்குத்தான மேடு, அதற்கு இந்தப் பக்கம் சொந்த நாடு, அந்தப் பக்கம் ஏதோம் என்கிற அந்நிய நாடு என்று வரைபடம் சொல்லிற்று. கண் முன்னால் கிடந்ததோ தட்டையான வெறும் மணல். உபதேசியார் பொய் எழுத மாட்டார். ஒரு கல்லை நட்டு, 'அக்கராபீம் மேடு' என்று வெட்டி, கீழே 'வரும்' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

அன்று தொடங்கியது ஒரு வழக்கம். வருஷந்தோறும் அசனப் பண்டிகையன்று, ஊர் மொத்தமும் ஒரே பந்தியில் உட்கார்ந்து கிடாக்கறிச் சோறு சாப்பிடுவதற்கு முன்னால், பாட்டுப் பாடிக்கொண்டு எல்லையைச் சுற்றிப் பவனி வருவார்கள். தெற்கு எல்லைக்கு வந்ததும் பாட்டு நின்றுவிடும், ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டுவார்கள், பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகுவார்கள், எல்லோரும் தட்டை மணலில் முழங்காலை உயர்த்தி உயர்த்தி வைத்து, முதுகை வளைத்து, புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்கி, வராத மலையில் ஏறுவார்கள், பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிற கனத்த சித்திமாரைக் கைகொடுத்துத் தூக்குவார்கள். உச்சி என்று வைத்துக்கொண்ட இடத்தில் சபைச் செயலர் பித்தளைச் செம்பிலிருந்து ஆளுக்கு ஒரு வாய் கருப்பட்டிப் பானக்காரம் ஊற்றுவார். அதைக் குடித்தவர் அந்த வருஷம் ஊருக்குள் இருப்பவர் என்று அர்த்தம். வெளியூர்க்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். இறங்கி வந்த பிறகு மெய்யாகவே தொடை வலிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மலை வந்த அந்த விடியலில் அக்சாள் ஊரில் இல்லை. முப்பத்து நான்கு வயதுக்காரி. தெற்கெல்லையில், சிமியோன் தெருவின் ஏழு வீடுகளில் கடைசி வீடு அவளுடையது. அப்பா விட்டுப்போன குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் கடற்கரைக்குப் போய் மீன் ஏற்றி வந்து ஊருக்குள் விற்கிறவள். வேதத்தில் வறண்ட பூமியைச் சீதனமாக வாங்கிக்கொண்டு, அது போதாதென்று தகப்பனிடம் நீரூற்றையும் கேட்டு வாங்கின ஒருத்தியின் பேர் அது. பேர் வைத்த வேளையோ என்னவோ, இவளும் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டதில்லை. மைக்செட் யாபேசிடம் "என்னயக் கட்டிக்கிடுதியளா?" என்று கேட்டதும் அவள்தான், நடுத்தெருவில், ஒரு கையில் தராசோடு. ஊருக்கெல்லாம் ஒலிபெருக்கி கட்டுகிற யாபேஸ் அந்த ஒலிபெருக்கியில் "ஹலோ, மைக் டெஸ்டிங்" தவிர வேறு பேசி யாரும் கேட்டதில்லை. அன்று அதுகூட வராமல் தலையை மட்டும் ஆட்டினான்.

அவர்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாரும் இன்னாரும் விவாகம் பண்ணப்போகிறார்கள், தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்று குருவானவர் வாசித்துவிட்டுச் சற்று நிற்பார். மூன்றாவது முறையும் ஒருவரும் வாய் திறக்காவிட்டால் பந்தலுக்குக் கால் நடலாம். அக்சாளுக்கும் யாபேசுக்கும் இரண்டு ஓலை ஆகிவிட்டது. மூன்றாவது ஓலை அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள்.

சாளையும் விளைமீனுமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தவள் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். செம்மணலுக்குச் சம்பந்தமே இல்லாத சுண்ணாம்பு நிறத்தில், மடிப்பு மடிப்பாக, அவளுடைய வீட்டுக்குப் பின்னால் ஒரு மலை எழும்பி நின்றது, அதன் உச்சியில் ஊரின் பெரிய வாகை மரம், கிளையில் பிள்ளைகள் கட்டிய ஊஞ்சலோடு, ஒரு இலை உதிராமல் ஏறி நின்றது. "வந்துட்டு! எம்மா, வந்துட்டு!" என்று அவள் ஆளில்லாத ரோட்டில் கத்தினாள், ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை, வீட்டு வாசலில் நின்ற அம்மா ஞானப்பூவைத் தாண்டி, வண்டியை நேரே மேட்டில் விட்டாள். முதல் கியரில் வண்டி முக்கிக்கொண்டு ஏறியது, ஐஸ் தண்ணீர் பின்பக்கம் அருவியாக ஊற்றியது, ஒவ்வொரு வளைவிலும் மீன் பெட்டிகள் இடமும் வலமும் ஓடின, மஞ்சள் தேள்கள் கொடுக்கை மடக்கிக்கொண்டு மரியாதையாக ஓரம் ஒதுங்கின. சந்தோஷத்தில் அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அந்த மலையில் முதன்முதலாக வண்டி ஏற்றியவள் அவள்தான்.

உச்சியில் ஊரே நின்றது. நடுவில் சபைச் செயலர் தர்மக்கண், யாபேசின் அப்பா, மடியில் விரித்த வரைபடத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அழுது அழுது அவர் மூக்கு சிவந்திருந்தது. எல்லைகளை மனப்பாடமாகச் சொல்லி வளர்ந்த மனிதர், தம் காலத்திலேயே மேடு வந்துவிட்டதே என்கிற பூரிப்பு. யாபேஸ் வாகை மரத்தில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"மாமா, பாத்தியளா! வந்துட்டு!" என்று அக்சாள் குதித்து இறங்கினாள்.

தர்மக்கண் அவளைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், பிறகு தெற்கே பார்த்தார். அவர் முகம் மெதுவாக மாறிற்று.

"ஏட்டி அக்சா, உன் வீடு எங்கெ இருக்கு?"

"எங்க இருக்கும்? நேத்து இருந்த எடத்துலதான்."

"மேட்டுக்கு அந்தப் பக்கம்லா இருக்கு."

அப்போதுதான் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். உபதேசியாரின் கல் கீழே, தூரத்தில், மணலில் தனியாக நின்றது. மலை கல்லுக்கு வரவில்லை. ஒரு கூப்பிடு தூரம் வடக்கே தள்ளி, சிமியோன் தெருவுக்கும் ஊருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது. ஏழு வீடுகளும் அந்தப் பக்கம்.

"அந்தப் பக்கம் ஏதோம்" என்றார் தர்மக்கண்.

அக்சாளுக்குச் சிரிப்பு வந்தது. "நேத்துச் சாயங்காலம் ஒங்க வீட்டுல நெத்திலி குடுத்துட்டுப் போனேன், மாமா. விடியுங்குள்ள ஏதோம்காரி ஆயிட்டேனா?"

"நான் ஆக்கலட்டி. மலை ஆக்கிட்டு. எல்லைக்கு வெளிய இருக்கவளுக்கு நம்ம கோயில்ல எப்படி ஓலை வாசிக்க? அது ஒரு முடிவுக்கு வரட்டும், பெறவு மாமான்னு கூப்புடு."

அவர் அதைக் கொடுமையாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார், அதனால்தான் அது அதிகமாக வலித்தது. அக்சாள் வாகை மரத்தை அண்ணாந்து பார்த்தாள். கிளையில் உட்கார்ந்திருந்த யாபேஸ் வயரின் இரண்டு முனைகளையும் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான். "அப்பாட்ட பேசுதேன்" என்று முனகினான்.

மறுநாள் மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை. குருவானவர் கிதியோன் பட்டணத்திலிருந்து மாறுதலாகி வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது; ஊரிலேயே மலையைப் பார்த்து ஆச்சரியப்பட்ட ஒரே ஆள் அவர், அதுவும் மத்தியானச் சாப்பாடு வரைக்கும்தான். சபைக் கமிட்டி எல்லை என்கிறது, வேதமும் எல்லை என்கிறது, நான் யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அடுத்த வார அறிவிப்புகளை வாசித்து உட்கார்ந்துவிட்டார். கோயிலின் கடைசி வரிசையில் புதுச்சேலையோடு உட்கார்ந்திருந்த அக்சாளுக்கு அவமானத்தில் காது சுட்டது. பக்கத்தில் இருந்தவள் நகர்ந்து உட்காரவில்லை. ஆனால் நகர்ந்து உட்காரலாமா என்று யோசித்தாள், அது தெரிந்தது.

மலையோ ஊரோடு ஒட்டிக்கொண்டது. மினிபஸ் கண்டக்டர் "அக்கராபீம் எறங்குறவங்க முன்னால வாங்க" என்று கூவப் பழகிக்கொண்டான். உச்சியில் ஒரு டீக்கடை முளைத்தது. இரண்டு கட்சிக்காரர்கள் அடுத்த தேர்தலுக்காகப் பாறைகளில் இடம் பிடித்து 'ரிசர்வ்' என்று சுண்ணாம்பால் எழுதி வைத்தார்கள். நிலம் அளக்கிற சர்வேயர் சங்கிலியோடு வந்து, ஏறி, இறங்கி, டீ குடித்து, 'கல்லாங்குத்து, தரிசு' என்று சொல்லிவிட்டுப் போனார். அடிவாரத்தில் பிளாட் போட்டு விற்கலாம் என்று கலர் கற்களோடு வந்த புரோக்கரை மட்டும் ஒரு தேள் கொட்டியது. மற்றபடி அந்தத் தேள்கள் ஊர்க்காரர்களை ஒன்றும் செய்யவில்லை, பிள்ளைகள் அவற்றைத் தீப்பெட்டியில் போட்டு ஓய்வுநாள் பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள். வளைந்த கொம்புள்ள ஒரு ஆடு பாறையிலிருந்து இறங்கி வந்து ஆராதனை நடுவில் பலிபீடத்துப் பூவைத் தின்றது, அதைத் துரத்தவும் ஒருவருக்கு மனம் வரவில்லை. தினமும் ஏறி இறங்கியதில் பாடகர் குழுவின் மூச்சு பலப்பட்டு, ஒரே சுவாசத்தில் முழுச் சரணத்தையும் பாடினார்கள்.

சிமியோன் தெருவும் தினமும் அந்த மலையை ஏறி இறங்கியது, ரேஷனுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, கோயிலுக்கு. எல்லோரும் அவர்களிடம் அன்பாகத்தான் பேசினார்கள், விருந்தாளிகளிடம் பேசுகிற அன்பு. "வாங்க, இருங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார்கள். சொந்த ஊரில் தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? தர்மக்கண் அக்சாளிடம் மீன் வாங்குவதை நிறுத்தவில்லை. மீனுக்கு எல்லை கிடையாது என்று விளக்கம் வேறு சொன்னார்.

குட்டியானையின் கிளட்ச் தேய்ந்துபோய், அக்சாள் மீன்பெட்டியைத் தலையில் வைத்து நடந்தே ஏறிய ஒரு நாள், உச்சியில் வாகை நிழலில் பெட்டியை இறக்கி வைத்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மலையின் மொத்த உச்சியும் அந்த மரத்தடிதான் என்பதை அப்போதுதான் கவனித்தாள். கிழக்கே ஏறுகிற பாதை, மேற்கே இறங்குகிற பாதை, நடுவில் செயலர் செம்போடு நிற்கிற இடம். துடைத்த கை அப்படியே நின்றது.

அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது பவனி உபதேசியார் நட்ட கல்லடியில்தான் ஏறும். அப்பாவின் தோளில் உட்கார்ந்து அவளும் மூச்சு வாங்கியிருக்கிறாள். பிறகு ஒரு வருஷம், வெயில் மண்டையைப் பிளக்கிறது, கல்லடியில் ஒதுங்க ஒரு பொட்டு நிழல் இல்லை என்று பவனியை மட்டும் வாகை மரத்தடிக்கு மாற்றினார்கள். கல் அங்கேயே நின்றது. ஏறுவது இங்கே என்று ஆயிற்று. அன்றைக்குப் புதிதாகச் செயலரான தர்மக்கண்தான் அதை முன்மொழிந்தவர், ஊரே கை தூக்கியது.

அக்சாள் மீன்பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓட்டமாக ஓடி அவர் வீட்டு வாசலில் நின்றாள். "மலை கல்லைத் தேடி வரலை. நாம எங்க மூச்சு வாங்குனோமோ அங்க வந்துருக்கு. தப்பு மலை மேல இல்ல, நம்ம பேர்ல!"

தர்மக்கண் மேட்டு உச்சியில் தெரிந்த மரத்தை ஏறிட்டுப் பார்த்தார். வாகை மரம் அவருடைய யோசனை என்பது அவருக்கு மறக்கவில்லை. "இருக்கட்டும்" என்றார் கடைசியில். "எப்படி வந்தாலும் வந்தது வந்ததுதான. மலையப் புடிச்சி நகத்தவா முடியும்?"

"நகத்த வேண்டாம். கூப்புடுவோம்" என்றாள் அக்சாள்.

அன்று சாயங்காலமே அவள் கல்லடிக்குப் போனாள். சேலையைச் செருகிக்கொண்டு, தட்டை மணலில் முழங்காலைத் தூக்கி வைத்து ஏறத் தொடங்கினாள்.

"வெறும் மணல்ல என்னத்தட்டி ஏறுத?" என்று ஞானப்பூ வாசலிலிருந்து கேட்டாள்.

"இத்தன வருசமா என்னத்த ஏறுனோம்?"

ஞானப்பூவும் சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள். மறுநாள் அடுத்த வீடு வந்தது, அதற்கு மறுநாள் எதிர்வீடு, பிறகு ஏழு வீடும் வந்தது. முதலில் வெறும் கூத்தாகத்தான் இருந்தது, உச்சியில் டீ குடிக்கிறவர்கள் வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள், மெய்யான மலை எதிரே நிற்கும்போது இல்லாத மலையில் ஏறுவது கூச்சமாகவும் இருந்தது. ஆனால் முன்காலத்தில் அவர்கள் ஏறியபோது மலை என்றால் என்னவென்று தெரியாமல் ஏறினார்கள். இப்போது தெரியும், எந்த வளைவில் தொடை இழுக்கும், எந்தக் கல் காலடியில் உருளும், எங்கே நின்றால் காற்று முகத்தில் அடிக்கும் என்று ஏறி இறங்கிய உடம்புக்குத் தெரியும். ஏறினார்கள், வியர்த்தார்கள், வழுக்கினார்கள், ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு கைகொடுத்தார்கள், மறுபடி ஏறினார்கள். அசனம் நெருங்கிய ஒரு சாயங்காலம் அக்சாளின் பாதம் மணலைவிட்டு ஒரு விரற்கடை மேலே பதிந்து நின்றது. அதைப் பார்த்த ஞானப்பூ, "செருப்பு போட்டுக்கட்டி, தேள் கெடக்கும்" என்றாள்.

அந்த வாரத்தில் அக்சாள் யாபேசிடம் ஒரே முறைதான் பேசினாள். பேட்டரி வாங்கப் போய்க்கொண்டிருந்தவனை மறித்து, "அப்பாட்ட பேசுனியளா?" என்று கேட்டாள்.

"பேசணும்னுதான் இருக்கேன்."

"ஊருக்கே சத்தம் குடுக்கிய. எனக்குன்னு ஒரு சத்தம் கெடையாதா?"

அவன் பேட்டரியைக் கை மாற்றிக்கொண்டு தலை குனிந்தான். அவளுக்கு அவனை அறையலாம்போலவும் இருந்தது, அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துவிடலாம்போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் கல்லடிக்குப் போனாள்.

அசனப் பண்டிகை வந்தது. விடிந்ததிலிருந்து அண்டாக்களில் கிடாக்கறி கொதித்து, அந்த வாசனை மலையைத் தாண்டி ஏதோமுக்கும் போனது. முதன்முதலாக மெய்யான மேட்டில் ஏறப்போகிற உற்சாகத்தில் ஊர் தலைகால் புரியாமல் ஆடியது. புதுத்துணி, கொடி, பாட்டு, மேளம். குருவானவர் முன்னால் போக, செம்போடு தர்மக்கண் போக, பவனி கிழக்குப் பாதையில் ஏறத் தொடங்கியது. சிமியோன் தெருவை ஒருவரும் கூப்பிடவில்லை. அதே நேரத்தில் அக்சாள் கல்லடியில் நின்று, அம்மாவைப் பார்த்து, மற்ற வீடுகளைப் பார்த்து, "ஏறுவோம்" என்றாள்.

பவனி மூச்சிரைக்க உச்சிக்கு வந்து சேர்ந்து, வாகை நிழலில் திரும்பிப் பார்த்தபோது, பள்ளத்தில் ஏழு வீடுகளின் ஓட்டுக்கூரைகள் தெரிந்தன, அதற்கு அப்பால், கல் நின்ற இடத்துக்கு மேலே, தாங்கள் நிற்கிற அதே உயரத்தில், எதிருக்கு எதிராக, சிமியோன் தெருவார் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஒரு பருந்து அவர்கள் காலுக்கு அடியில் சாவகாசமாக வட்டமிட்டது. அவர்களுக்கும் மூச்சிரைத்தது.

"யாபேசு, மைக்கக் குடு. ஜெபம் பண்ணிட்டுப் பானக்காரம் ஊத்தணும்" என்றார் தர்மக்கண்.

யாபேஸ் மைக்கைக் கொடுக்கவில்லை. வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டான். ஒலிபெருக்கியில் முதலில் அவன் மூச்சு கேட்டது, பிறகு, "அப்பா, தெக்க ஒரு ஸ்பீக்கர் போடணும்" என்று மலை அதிரக் கேட்டது. "அவிய காதுலயும் விழணும். ஐயா, நான் கை காட்டுனதும் மூணாம் ஓலைய வாசிங்க." மைக்கைக் குருவானவர் கையில் திணித்தான், ஒரு ஒலிபெருக்கியையும் வயர் சுருளையும் தோளில் போட்டான், மலையில் உருண்டு புரண்டு இறங்கினான்.

"வாசிக்கப்படாது! அங்கெ மலையே கெடையாது!" என்று தர்மக்கண் கத்தினார்.

குருவானவர் கிதியோன் எதிரே நின்றவர்களைக் கண்ணுக்குமேல் கை வைத்துப் பார்த்தார். "அப்படியா? அப்போ அவங்க எது மேல நிக்கிறாங்க, செயலர்?"

அதற்குள் யாபேஸ் ஏழு வீட்டு முற்றங்களையும் தாண்டிக் கல்லடிக்கு வந்து, காலைத் தூக்கி வைத்து, மணலிலேயே வைத்தான். மறுபடி வைத்தான், மறுபடியும் மணல்தான். அக்சாள் மேலிருந்து குனிந்து பார்த்தாள். "சும்மா நடக்காதிய! முதுக வளைங்க! மூச்சு வாங்குங்க!"

"எனக்கு மலை தெரியலையே!"

"நான் மேல இருக்கேன்லா? ஏறி வாங்க!"

அவன் அண்ணாந்து அவளைப் பார்த்தான். வயர் சுருளை இறுக்கிக்கொண்டான், முதுகை வளைத்தான், வாழ்நாளில் பேசாத பேச்செல்லாம் மூச்சாக வெளியேறுவதுபோல ஒரு மூச்சு வாங்கினான், ஒரு அடி ஏறினான், இன்னொரு அடி, இரண்டு பக்கத்தாரும் "ஏறு! ஏறு!" என்று கூச்சல் போட்டார்கள், பாடகர் குழு தன்னையறியாமல் தாளம் தட்டியது, பாதி வழியில் ஒரு கால் வழுக்கி அந்தரத்தில் தொங்கியபோது தர்மக்கண்ணே "லேய், பாத்துலே!" என்று அலறிவிட்டார், ஞானப்பூ கையை நீட்டினாள், அக்சாள் முந்தானையை வீசினாள், அதைப் பற்றிக்கொண்டு அவன் மேலே வந்து அவள் பக்கத்தில் விழுந்தான். படுத்தபடியே கையைத் தூக்கிக் காட்டினான்.

குருவானவர் வாசித்தார். இந்தச் சபையின் எல்லைக்கு உட்பட்ட யாபேசுக்கும், இந்தச் சபையின் எல்லைக்கு உட்பட்ட அக்சாளுக்கும் விவாகம், மூன்றாம் முறையாக, தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம். அது இரண்டு ஒலிபெருக்கிகளிலும் ஒரே நேரத்தில் கேட்டது. பிறகு அவர் நின்றார்.

ஒருவரும் பேசவில்லை. பேசுவதற்கு ஒருவரிடமும் மூச்சு இல்லை. மேட்டை ஏறிய மூச்சும், கத்திய மூச்சும், பயந்த மூச்சும் சேர்ந்து, இரண்டு பக்கமும் புஸ்புஸ்ஸென்று இரைப்பது மட்டும் கேட்டது. தர்மக்கண் வாய் திறந்தார், ஹா என்றது. இன்னொரு முறை திறந்தார். அதற்குள் அவருக்கு என்ன சொல்ல வந்தோம் என்பதே மறந்துபோயிருக்க வேண்டும், அல்லது மறக்க அவருக்கே பிடித்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டார்.

"தடையில்லை" என்றார் குருவானவர்.

அப்போது மலை நகர்ந்தது. சத்தம் போடவில்லை, தப்பான வீட்டில் பந்திக்கு உட்கார்ந்துவிட்ட ஆள் இலையைக் கலைக்காமல் எழும்புவதுபோலப் பதமாக எழும்பியது, வாகை மரத்தையும் அதன் அடியில் நின்ற பவனியையும் பழைய தரையில் பூப்போல இறக்கி வைத்தது, சிமியோன் தெருவுக்கு அடியில் நுழைந்து போனது. ஏழு வீடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக உயர்ந்து, தாழ்ந்து, இருந்த இடத்தில் உட்கார்ந்தன, கோழிகள் மட்டும் ஆட்சேபம் தெரிவித்தன. டீக்கடைக்காரர் பாய்லரைக் கட்டிப்பிடித்தபடி மலையோடு போனார். அக்சாளின் பாதங்களுக்கு அடியில் வெதுவெதுப்பான பாறை வந்து மெல்ல முட்டியது. அவள் காலை ஒருமுறை உதைத்துப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது.

பானக்காரம் செயலர் கையால்தான் ஊற்ற வேண்டும். அது வழக்கம். தர்மக்கண் தரையில் நின்று அந்த மேட்டைப் பார்த்தார், தம் முழங்காலைப் பார்த்தார், குருவானவர் நீட்டிய கையை வேண்டாம் என்றார், செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கினார். ஊரே அவருக்குப் பின்னால் ஏறியது. உச்சி வெயிலில், கல்லில் கல்லில் உட்கார்ந்து எழும்பி, வியர்வை மூக்கு நுனியில் சொட்ட, அவர் வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. சிமியோன் தெருவார் தாகத்தோடு காத்திருந்தார்கள். டீக்கடைக்காரர் கொடுத்த தண்ணீரை ஒருவரும் தொடவில்லை.

வந்தவர் மூச்சிரைக்கச் செம்பை நீட்டினார். அக்சாள் குனிந்து கையைக் குவித்தாள். அவர் ஊற்றினார், பாதி அவள் சேலையில் கொட்டியது, மீதியை அவள் குடித்தாள். கருப்பட்டியும் சுக்கும் தொண்டையில் இறங்கியபோது, இத்தனை நாளும் அழாதவளுக்கு அழுகை வந்துவிட்டது.

தர்மக்கண் சுற்றிலும் பார்த்தார். வெள்ளைப் பாறை அனலாகக் காய்ந்தது.

"இங்க ஒரு பொட்டு நிழல் இல்லையேம்மா" என்றார்.

அக்சாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மழைக்கு முன்னால ஒரு வாகைய நட்டுருவோம், மாமா" என்றாள்.